மேஜைக் கால்பந்தும் சம்பந்தி மரியாதையும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இரண்டே விஷயங்களுக்குப் பயப்படுவார். ஒன்று தூசி, இன்னொன்று விருந்தாளி. தூசியைத் துடைத்துவிடலாம். விருந்தாளியை அப்படிச் செய்ய முடியாது. அதிலும் வந்திருப்பவர் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அப்பா என்றால், அவர் எதைத் தொட்டாலும் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தொட்டுவிடுவார்களோ என்று அவர் நடுங்கியது கூடத்துச் சுவரோரம் நின்ற கண்ணாடி அலமாரியை நினைத்து. அதற்குள் மேஜைக் கால்பந்து அணிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு ஆட்டக்காரனும் கட்டைவிரல் உயரம். காலுக்குக் கீழே கோட்டுப் பொத்தான் அளவில், அடிப்பக்கம் உருண்ட ஒரு பீடம். பச்சைத் துணி விரித்த மேஜையில் அந்தப் பீடத்தை ஆள்காட்டி விரல் நகத்தால் சுண்டினால் ஆள் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை உதைப்பான். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்காரர் ஆடுகிறவர் இல்லை; சேர்க்கிறவர். எந்த அச்சில் வார்த்த ஆளுக்கு முழங்கால் மடங்கியிருக்கும், எந்தக் காலத்துப் பீடம் கனமானது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவரையும் எடுத்துப் பார்ப்பார். "இந்தக் காலுறைக் கோடு கையால போட்டது. இங்க மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கு பாரு. தீட்டின பொண்ணுக்கு அப்போ தும்மல் வந்திருக்கும்" என்று மனைவியிடம் காட்டுவார்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். வீட்டிலும் அதே குரல்தான், அதே நிதானம்தான். "பார்த்தாச்சு. உள்ளே வைங்க. சாப்பாடு ஆறுது. மீண்டும் சொல்றேன், சாப்பாடு ஆறுது" என்பாள்.

சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக். ஆள் வாசல் நிலையை அடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நாற்காலியைப் பார்க்கவில்லை, கொண்டுவந்த தண்ணீரைப் பார்க்கவில்லை; நேரே அலமாரிக்குப் போய் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.

"அட! சம்பந்தி! நீங்களும் ஆடுவீங்களா?"

"இல்லீங்க. சேர்த்து வெச்சிருக்கேன்."

"சேர்த்து வெச்சு?"

"பார்ப்பேன்."

பிரியாணி வாங்கி மோந்து மட்டும் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல் சம்பந்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஸ்பானர் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். ஸ்பானர் வைக்கிற குழிகளில் ஸ்பானர் இல்லை. ஒரு முழு அணி படுத்திருந்தது. எல்லாம் புது ரகம், வளைகிற பிளாஸ்டிக், தட்டையான பளபளப்பான பீடம். ஒருவனை எடுத்துப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். தரையில் போட்டு மிதித்தும் காட்டினார். அவன் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நின்றான்.

"லிஃப்ட் கதவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைத்தான் இதுக்கும் அடிப்பேன். சும்மா வெண்ணெய் மாதிரி போகும்."

கண்ணாடிக்காரருக்கு உடம்பு கூசியது. "நல்லாயிருக்கு" என்றார்.

"உங்க ஆளுங்க எப்படிப் போறாங்கன்னு பார்ப்போமே" என்று சொல்லி முடிப்பதற்குள் சம்பந்தியின் கை அலமாரிக்குள் போய்விட்டது. ஆரஞ்சுச் சட்டை அணி. பெட்டி பிரித்த நாளிலிருந்து துணிமேல் கால் படாத அணி. சாப்பாட்டு மேஜையில் ஒருவனை நிறுத்தி, சம்பந்தி சுண்டினார். ஆள் பறந்துபோய்ச் சர்க்கரை டப்பாவில் மோதினான். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனான அந்த லெஃப்ட் பேக் ஒரு பக்கம் விழுந்தான், அவன் பீடம் இன்னொரு பக்கம் உருண்டது.

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். மேஜைக்கு அடியில் மனைவியின் கால் அவர் காலைத் தேடி வந்து மிதித்தது.

"பரவாயில்லீங்க சம்பந்தி" என்றார் கண்ணாடிக்காரர். அந்தக் குரல் யாருடையது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

சம்பந்தியோ உண்மையிலேயே இடிந்துபோனார். "சே, என்ன காரியம் பண்ணிட்டேன். விடுங்க, நானே எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டுவர்றேன். எனக்கு ஒட்டுற வேலை கைவந்த கலை" என்று லெஃப்ட் பேக்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த கண்ணாடிக்காரரின் கால் மறுபடியும் மிதிபட்டது.

அடுத்த வாரம் லெஃப்ட் பேக் திரும்பி வந்தான். கணுக்காலைச் சுற்றி நாவற்பழம் அளவுக்கு ஒரு பசை உருண்டை. அதோடு விட்டாரா? "முகம் கொஞ்சம் வெளுத்திருந்த மாதிரி இருந்துச்சு, அதையும் புதுசா தீட்டிட்டேன்" என்றார். ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இன்னொன்று கன்னத்தில் இருந்தது. வாய் காதுக்குக் கீழே எங்கேயோ சிரித்தது.

"இனிமே யானை மிதிச்சாலும் உடையாது சம்பந்தி!"

"அது தெரியுது" என்றார் கண்ணாடிக்காரர்.

அன்று ராத்திரி அவர் மகளிடம் மட்டும், "அந்தப் பையன் அவங்க அம்மா ஜாடைதானே?" என்று கேட்டார். மகள் முறைத்தாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. கல்யாணம் முடியுற வரைக்கும் ஒண்ணும்."

தான் செய்த தவறுக்குப் பரிகாரம் என்று நினைத்தாரோ என்னவோ, சம்பந்தி ஆட்டம் கற்றுத்தரக் கிளம்பிவிட்டார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் வந்துவிடுவார். பச்சைத் துணியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து, கண்ணாடிக்காரர் மனைவியிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கி அவரே சுருக்கம் எடுப்பார். முதல் பாடமாக விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. சுண்டணும். தள்ளக் கூடாது. நகம் பட்டவுடனே விரல் நின்னுடணும். விரலும் ஆளோடகூடப் போச்சுன்னா அது தள்ளல். தப்பாட்டம்."

கண்ணாடிக்காரர் தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அந்த ஆரஞ்சு அணியைத்தான். ஒருவன் கெட்டுப்போன அணி, இனி கெட என்ன இருக்கிறது என்ற கணக்கு. முதல் ஆட்டத்தில் அவர் வாங்கிய கோல்களை மனைவி சமையலறையிலிருந்தே அறிவித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே அலுத்து நிறுத்திவிட்டாள். அவர் சுண்டினால் ஆள் மல்லாந்தான், அல்லது குப்புற விழுந்தான், அல்லது மேஜையை விட்டே வெளியேறினான். ஒருவன் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டான். கணுக்காலில் பசை உருண்டையோடு இருந்த லெஃப்ட் பேக். உருண்டையின் கனத்தால் அவன் விழவே இல்லை. வளைந்து வளைந்து போய்ப் பந்தைத் தட்டிவிட்டு நின்றான், கன்னத்துக் கண்ணால் எஜமானனைப் பார்த்தபடி.

தோற்பது என்றால் என்னவென்று கண்ணாடிக்காரருக்கு அதுவரை தெரியாது, அவர்தான் எதையும் ஆடியதில்லையே. தெரிந்தபோது அது பல்வலிபோல் இருந்தது. மறுநாள் கடையில் பணிமேஜையில் ஒரு துண்டுத் துணி விரித்தார். பரிசோதனைக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பலகையின் எழுத்துகளை வாசித்துக்கொண்டிருப்பார். இவர் திரைக்குப் பின்னால் சுண்டிக்கொண்டிருப்பார்.

"கடைசி வரியும் படிச்சிட்டேங்க."

"நல்லது. மேலேயிருந்து மறுபடி ஒருதடவை படிங்க."

பழைய பீடங்கள் சரிப்படாது என்று தெரிந்துகொண்டார். பழசைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்று பெருமை பேசியவர், தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பொம்மைக் கடைக்குள் நுழைந்து புது ரக அணி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். பழைய அணியிலிருந்து லெஃப்ட் பேக்கை மட்டும் அதோடு சேர்த்துக்கொண்டார். வீட்டுக்குத் தெரியாமல் ஒவ்வொருவனையும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் படுக்க வைத்தார். தன் வாசிப்புக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்த மனைவி ஒரு கூட்டைத் திறந்தாள், ஒரு ஆட்டக்காரன். இன்னொன்றைத் திறந்தாள், ஒரு கோல்கீப்பர்.

"நீங்க ஒளிச்சு ஒளிச்சு வெக்கிறதைப் பார்த்து வேற எதாவது இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "இதுக்கு அதுவே தேவலாம்."

இவ்வளவு செய்தும் விரல் மட்டும் படியவில்லை. அப்படிப் பழகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அவர் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தார். நகத்தைப் பீடத்தில் வைத்து, சுண்டுவதுபோல் ஆரம்பித்து, ஒரு நெல்மணி தூரம் கூடவே போனால் ஆள் எங்கே போகச் சொன்னாலும் போனான். தள்ளல் என்று சொல்ல முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நிதானமான சுண்டல். அவ்வளவுதான். அன்றிலிருந்து கோல் விழ ஆரம்பித்தது. சம்பந்தி கவனிப்பார் என்று முதலில் பயந்தார், ஆனால் சம்பந்தி மேஜைமேல் குனிந்து பார்த்தபடியே, "அடேங்கப்பா! சம்பந்தி! பிச்சுட்டீங்க!" என்று முதுகில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடிக்காரர் ஒரு சுற்று இளைத்தார்.

சண்டை வந்தது கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது. ஆட்டம் சமநிலை. சம்பந்தி சுண்டினார். பந்து கோல் கம்பத்துக்கு வெளியே நாலு விரற்கடை தள்ளிப் போய், மேஜை ஓரத்தில் நின்றது.

"கோல்!" என்று சம்பந்தி கையைத் தூக்கினார்.

"வெளியே போச்சுங்க."

"என்ன சம்பந்தி, உள்ளேதானே போச்சு? நான்தான் பார்த்தேனே."

"அதோ வெளியே நிக்குதுங்களே பந்து."

"அது உள்ளே போய் வலையில பட்டுத் திரும்பி வந்திருக்கும்."

கண்ணாடிக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. உடைந்த கணுக்காலுக்கு மிதிபட்டார், கன்னத்துக் கண்ணுக்கு வாயை மூடிக்கொண்டார். இப்போது கண்ணெதிரே நிற்கிற பந்தை இல்லை என்று சாதித்தால்?

"ஏங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

சம்பந்தி திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. முகம் சுண்டிப்போய், மெதுவாகக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் ஆட்கள் மேஜைமேல் நின்றபடியே நிற்க, வெளியே போய்விட்டார். கதவைக்கூட ஓசைப்படாமல் சாத்தினார்.

மறுநாளே மகள் அழுதுகொண்டு வந்தாள். "அவங்க அப்பா சரியாச் சாப்பிடலையாம். ஏன்னு கேட்டா, 'உங்க மாமனார் சொன்னது சரிதான்'னு மட்டும் சொல்றாராம். நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. கண்ணு தெரியலையான்னேன்."

"சம்பந்தியைப் பார்த்தா?" என்றாள் மனைவி. "சம்பந்தியைப் பார்த்து, கண்ணு தெரியலையான்னு?"

அவள் இரண்டு தடவை சொன்னபோதுதான் அந்த வாக்கியம் கண்ணாடிக்காரரின் காதில் சரியாக விழுந்தது. மேஜைமேல் கிடந்த லெஃப்ட் பேக்கைக் கையில் எடுத்தார். கன்னத்தில் கண். காதடியில் வாய். சம்பந்தி வரும்போதெல்லாம் எதையும் கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் பார்த்தது, முதல் நாள் மூக்கை அலமாரியில் ஒட்டிக்கொண்டது, சர்க்கரை டப்பாவைக் குறிபார்த்ததுபோல் சுண்டியது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சம்பந்திக்கு எதிரில் உட்கார்ந்து இத்தனை நாள் ஆடியிருக்கிறார். இருபது வருஷமாக ஊரார் கண்ணைச் சோதித்துப் பிழைக்கிறவர். அவர் ஆட்டக்காரர்களின் காலுறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, மனுஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ஒரு மடையன்" என்றார்.

"அது தெரியும். எங்கே கிளம்பிட்டீங்க?"

சம்பந்தி வேலை செய்துகொண்டிருந்தது உயரமான ஒரு அலுவலகக் கட்டடத்தில். லிஃப்ட் பழுது, அதனால்தான் அவரே அங்கே இருந்தார். ஆகையால் கண்ணாடிக்காரர் படியேறினார். மொட்டை மாடிக்கு அடியில் இருந்த இயந்திர அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சம்பந்தி ஒரு கம்பிவடத்தை இரண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்வை வேறெங்கோ இருந்தது.

"யாரு?" என்றார் சம்பந்தி, கதவைப் பார்த்து. பத்தடி தூரம்கூட இல்லை.

கண்ணாடிக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "நான்தான் சம்பந்தி. எவ்வளவு நாளா இப்படி?"

சம்பந்தி துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷம் இருக்கும். கிட்டத்துல சுத்தமா இல்ல. தூரத்துல ஆளு ஆளா தெரியும், மூஞ்சி தெரியாது. பந்து வெள்ளையா இருக்கிறதால சமாளிச்சேன்."

"ஆபீஸ்ல சோதிக்க மாட்டாங்களா?"

"வருஷா வருஷம் அதே எழுத்து அட்டைதான். மனப்பாடம்." சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "வேலையில தப்பு வராது சம்பந்தி. எல்லாத்தையும் தொட்டுப் பார்ப்பேன், ரெண்டு தடவை. பத்தாததுக்கு, கூட இருக்கிறவனையும் பார்க்கச் சொல்வேன்."

"ஒரு கண்ணாடி போட்டா என்ன?"

"லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னா யாருங்க உள்ளே ஏறுவாங்க?"

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கியதும் சிரிப்பும் சேர்ந்து இருமலாயிற்று. சம்பந்தி முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் அந்தச் சின்ன அறையில் எதிரொலிக்கச் சிரித்தார்கள்.

"அன்னைக்குப் பந்து நிஜமாவே வெளியேதான் போச்சா?" என்றார் சம்பந்தி கடைசியில்.

"நாலு விரற்கடை."

"அடப்பாவமே. கோல்னு சத்தியமே பண்ணியிருப்பேன்."

அன்றே கடைக்குக் கூட்டிவந்து சோதித்தார். கிட்டத்துக்கு நல்ல வெள்ளெழுத்து, தூரத்துக்கும் மங்கல். இரண்டு பாகம் வைத்த கண்ணாடி வேண்டும். மனப்பாடம் செய்ய முடியாதபடி பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கூடப் பார்த்துவிட்டார்.

லென்ஸைப் போட உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டால், நெல்மணி தூரம் என்ன, நூலளவு தூரம்கூடச் சம்பந்திக்குத் தெரியும். விரல் பீடத்தோடு போவது அப்பட்டமாகத் தெரியும். கையிலிருந்த லென்ஸைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு படி குறைந்த லென்ஸ் இருந்தது. அதைப் போட்டாலும் சம்பந்தி படிப்பார், ஸ்பானரைப் பார்ப்பார், மனைவி முகத்தைப் பார்ப்பார். மேஜைமேல் நகம் நகர்வது மட்டும் கொஞ்சம் மசமசவென்று இருக்கும். யாருக்கு நஷ்டம்? அந்த லென்ஸைக் கையில் எடுத்தேவிட்டார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டு பெட்டிக்குள் போட்டு மூடினார். மேஜை ஆட்டத்தில் தள்ளியது ஒன்று. தொழிலில் தள்ளுவது வேறு. சரியான லென்ஸையே போட்டுத் திருகாணியை முடுக்கினார்.

கண்ணாடி மாட்டுவதைப் பார்க்க இரண்டு குடும்பமும் கூடிவிட்டது. சம்பந்தி மாட்டிக்கொண்டு முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீ முடியை வெட்டிட்டியா?"

"போன வருஷம்" என்றார் சம்பந்தியம்மா. "ஒரு வார்த்தை சொல்லலையேன்னு எத்தனை நாள் பேசாம இருந்தேன் தெரியுமா? அதையாவது கவனிச்சீங்களா?"

சம்பந்தி அவசரமாகப் பார்வையை மேஜைக்குத் திருப்பினார். அங்கே லெஃப்ட் பேக் நின்றான். எடுத்தார். கண்ணருகே கொண்டுவந்தார்.

"எந்த மடையன் இதை இப்படித் தீட்டினது?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கே விளங்கியது. "நானா? ஐயய்யோ! கன்னத்துல கண்ணு இருக்கே! ஏன் சம்பந்தி, இதை வாங்கி வெச்சுக்கிட்டு நல்லாயிருக்குன்னீங்களே!"

"நல்லாயிருக்குன்னு சொல்லலை. உடையாதுன்னு தெரியுதுன்னுதான் சொன்னேன்."

சரி, ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று சம்பந்தி துணியை விரித்தார். இந்த நேரத்துக்காகத்தான் கண்ணாடிக்காரர் பயந்துகொண்டிருந்தார். ஒழுங்காகச் சுண்டிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வந்திருந்தார். ஆனால் சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்கள், மருமகப்பிள்ளை வேறு பார்க்கிறான். விரல் தன் பழக்கப்படி நெல்மணி தூரம் கூடவே போயிற்று. பந்து கோலுக்குள் விழுந்தது.

சம்பந்தி முதுகில் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"சம்பந்தி. இன்னொரு தடவை அதே மாதிரி பண்ணுங்க."

"எதை?"

"இப்போ பண்ணினீங்களே, அதை. சுண்டலையே நீங்க. தள்ளுறீங்க!"

"நிதானமான சுண்டல்" என்றார் கண்ணாடிக்காரர். காது வரை சிவந்துவிட்டது.

"முதல்லேருந்தே இப்படித்தானா?"

"முதல்ல இல்ல. கோல் விழ ஆரம்பிச்சதுலேருந்து."

சம்பந்தியின் அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஆரம்பித்தது. "இந்தக் கண்ணாடியை நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க! கையோட கொண்டுவந்து நீங்களே மாட்டிவிட்டீங்க!" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டு அணியும் தட்டின அதிர்வில் மொத்தமாக விழுந்தன.

அதற்காக அவர் விட்டுக்கொடுத்துவிடவில்லை. கண்ணாடிக்காரர் போட்ட கோல்கள் எல்லாம் செல்லாது என்றார். எல்லாவற்றையும் தள்ளவில்லை, சிலது நிஜமாகவே சுண்டியது என்று இவர் வாதாடினார். இந்த வழக்கு கல்யாணப் பதிவு அலுவலகம் வரைக்கும் போயிற்று. மகளும் மருமகனும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "அந்த மூலையிலேருந்து போட்டது?" "அது தள்ளல்." "அது லெஃப்ட் பேக்குங்க, அவன் தானாவே போவான்" என்று கிசுகிசுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எல்லாமே செல்லாது. ரெண்டு பேரும் முதல்லேருந்து ஆடுங்க. இப்போ சாட்சிக் கையெழுத்துப் போடுறீங்களா, இல்லையா?"

போட்டார்கள். சம்பந்தி புதுக் கண்ணாடியோடு படிவத்தின் பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டார்.

புதுக் கணக்கில் முதல் ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் சுண்டினார். சுண்டின ஆட்களில் பாதிப் பேர் மல்லாந்தார்கள், ஒரு கோல்கூட விழவில்லை. திங்கட்கிழமை காலை கடையில் ஒரு பெண் தளர்ந்துபோன கண்ணாடிச் சட்டத்தை நீட்டினாள். அவர் திருப்புளியைப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆள்காட்டி விரல் நகம் கறுத்து, நுனி வீங்கியிருந்தது.

"விரல்ல என்னங்க ஆச்சு?" என்றாள் அவள்.

"கால்பந்து" என்றார் கண்ணாடிக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "விளையாட்டுல அடி."